பாலர் என்னும் சொல்லும் அதன் பயனும்



திருசரணம் அடைந்து பஞ்சசீலம் ஏற்ற குடும்பங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. "ஊர் எல்லையில் நின்ற காவல் தெய்வத்தை விட்டுவிட்டோம். நல்லது கெட்டதற்குக் கைகட்டி நின்ற பெரிய வீட்டையும் விட்டுவிட்டோம். இனி நம்மைக் காப்பவர் யார்?" என்பதே அக்கேள்வி. பெரும்பாலும் வீட்டிலுள்ள மூதாட்டிகளே இதனைக் கேட்கின்றனர். கேலியாகக் கேட்பதில்லை, அச்சத்தோடு கேட்கின்றனர். ஆகவே இதற்குச் சிரித்து விடையளித்தல் தகாது. நம் நூல்களிலே காப்பவரைக் குறிக்க வழங்கும் 'பாலர்' என்னும் சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் பொருள் யாது, யார் அதற்கு உரியவர், நாம் அதனை எவ்வாறு வழங்க வேண்டும் என்பவற்றை இப்பாடத்திலே ஆராய்வோம்.

1. இரண்டு பாலர்

முதலாவது ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளுதல் வேண்டும். தமிழ் எழுத்திலே வல்லின பகரத்திற்கும் மெலிந்தொலிக்கும் பகரத்திற்கும் வெவ்வேறு எழுத்து இல்லை. அதனால் வடமொழியிலும் பாலியிலும் வேறு வேறாக உள்ள இரு சொற்கள் நம் கையில் ஒரே உருவம் பெற்றுவிட்டன. ஒன்று, காத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்த பாலன். காப்பவன் என்பது பொருள். கோபாலன், பூபாலன், துவாரபாலகன், தருமபாலன் என்பன இவ்வகை. மற்றொன்று, சிறுவன் என்னும் பொருளுடைய பாலன். பாலர் பள்ளி, பாலியம் என்பன இவ்வகை.

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு இதனை அறிவது எளிது. மலையாள எழுத்திலே இவ்விரண்டிற்கும் தனித்தனி எழுத்துண்டு. நகருக்குத் தெற்கே நெசவுக்குப் பெயர்பெற்ற பாலராமபுரத்தின் பெயர்ப் பலகையையும், 'பரிபாலனம்' என்று எழுதிய ஓர் அலுவலகப் பலகையையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முன்னது பாலராமவர்மா என்னும் அரசர் பெயரால் அமைந்த ஊர். அங்கே பாலன் என்பது இளையவன். பின்னதில் பாலனம் என்பது காத்தல். மலையாள எழுத்து இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும். தமிழிலே இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

இஃது எழுத்துக் கணக்கு மட்டுமன்று. தம்மபதத்தின் ஐந்தாம் அதிகாரத்திற்குப் பால வர்க்கம் என்று பெயர். காவலர் அதிகாரம் என்றோ குழந்தைகள் அதிகாரம் என்றோ தமிழர் சிலர் கருதிவிடுகின்றனர். பாலியிலே அங்குள்ள சொல்லுக்கு அறிவிலி, மூடன் என்பதே பொருள். வயதால் வளர்ந்தும் அறிவால் வளராதவனைப் பற்றியது அவ்வதிகாரம். ஆகவே ஒரே எழுத்துருவில் காப்பவனும், காக்கப்படவேண்டிய சிறுவனும், தன்னையே காத்துக்கொள்ள அறியாத மூடனும் அடங்கி நிற்கின்றனர். எந்தப் பாலன் என்று கேட்ட பிறகே பொருள் கொள்ளுதல் வேண்டும்.

ஒலி ஒத்திருப்பது கொண்டு உறவு கற்பித்தலும் தவறு. நம் நகரத்தின் பாளையம் என்னும் பகுதியின் பெயருக்குப் படை தங்கிய இடம் என்பதே பொருள். அதனைப் பாலர் என்னும் சொல்லோடு இணைத்துக் கதை கட்டலாகாது. சொல்லாராய்ச்சியிலும் பொய்யாமை என்னும் சீலம் உண்டு.

2. தமிழிலே காத்தற் சொற்கள்

வடசொல் ஒன்றைக் கொண்டே காத்தலைச் சொல்ல வேண்டிய வறுமை தமிழுக்கு இல்லை. கா, ஓம்பு, பேண், புர என்னும் வினைகள் நம்முடையவை. காவலன் என்றால் பழந்தமிழில் அரசன். இன்று தமிழ்நாட்டிலே போலீஸ்காரரைக் காவலர் என்கின்றனர். புரவலன் என்றால் வறியவரைத் தாங்குபவன். விருந்தோம்பல் என்பதிலே உணவளித்தலும் காத்தலும் ஒரு சொல்லுக்குள் அடங்கியுள்ளன. நூலின் தொடக்கத்தில் பாடுவதும் காப்பு. குழந்தையின் கையில் இடுவதும் காப்பு. விழாவின்போது கட்டும் நூலும் காப்பு.

இவற்றைக் கூர்ந்து நோக்கின் காத்தலுக்கு இரு முகம் உண்டு என்பது விளங்கும். தீமை அணுகாமல் தடுப்பது ஒன்று. உள்ளதை ஊட்டி வளர்ப்பது மற்றொன்று. வேலி போட்டு நீர் பாய்ச்சாதவன் பயிரைக் காத்தவன் ஆகான். நீர் பாய்ச்சி வேலி போடாதவனும் ஆகான். இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் நூல்களிலே செல்வோம்.

3. உலகபாலர் யார்?

நான்கு திசைக்கும் நான்கு மகாராஜர்களைப் பௌத்த நூல்கள் உலகபாலர் என்று கூறும். கிழக்கில் திருதராட்டிரர், தெற்கில் விரூள்ஹகர், மேற்கில் விரூபாக்கர், வடக்கில் வெஸ்ஸவணர். கடலில் மூழ்குவோரைக் காக்கும் பணியை மணிமேகலா தெய்வத்திற்கு இவ்வுலகபாலரே அளித்தனர் என்று மகாஜனக ஜாதகம் சொல்லும். அத்தெய்வத்தின் பெயரையே நம் மணிமேகலைக் காப்பியத்தின் தலைவி தாங்கினாள்.

தீக நிகாயத்தின் ஆடானாடிய சுத்தத்திலே ஒரு செய்தி உண்டு. இராசகிருகத்துக் கழுகுமலையிலே இந்நால்வரும் பகவானிடம் வருகின்றனர். வெஸ்ஸவணர் கூறுவதன் சாரம் யாதெனில், யக்கர் பலர் பகவானிடம் நம்பிக்கையற்றவர். கொலை, களவு முதலியவற்றை விடும்படி அவர் போதிப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆகவே காட்டில் தனித்துறையும் பிக்குகளுக்கு ஒரு காப்பு வேண்டும் என்பது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. காப்பவரின் ஆட்களே துன்புறுத்துவோராய் இருக்கின்றனர். காப்பவர் அதனை மறைக்காமல் ஒப்புக்கொள்கின்றனர். காவலுக்கு நிற்பவரையும் சீலத்தாலேயே அளக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

பகவான் இதனினும் ஒரு படி மேலே செல்கின்றார். அங்குத்தர நிகாயத்திலே, உலகைப் பாலிப்பவை இரண்டு வெண்மையான தம்மங்கள் என்கின்றார். ஒன்று ஹிரி; தீமை செய்ய உள்ளம் நாணுதல். மற்றொன்று ஒத்தப்பம், தீமையின் பயனுக்கு அஞ்சுதல். இவை இரண்டும் இல்லையாயின் தாய், சிற்றன்னை, ஆசிரியர் மனைவி என்ற வேறுபாடும் தோன்றாமல் மக்கள் விலங்குபோல் ஆவர் என்று விளக்குகின்றார். திசைகளின் எல்லையில் நின்ற உலகபாலரைப் பகவான் மனிதனின் நெஞ்சுக்குள்ளே கொணர்ந்து நிறுத்திவிட்டார். ஊர் எல்லைத் தெய்வத்தை விட்டு வந்தோமே என்று வருந்தும் தாய்மார்க்கு இதுவே முதல் விடை. காவல் நீங்கவில்லை, இடம் மாறியிருக்கின்றது.

4. அரசர் என்னும் பாலர்

காவலன் என்ற பெயரை மிகுதியாகச் சூடிக்கொண்டவர் அரசர். பகவான் அவர்களுக்கு வைத்த அளவுகோல் சக்கவத்தி சீகநாத சுத்தத்தில் உள்ளது. தம்மத்தைச் சார்ந்து நின்று குடும்பத்தார், படையினர், நகரத்தார், நாட்டுப்புறத்தார், துறவியர், விலங்கு பறவை ஆகிய அனைத்திற்கும் அரசன் காவல் அளிக்க வேண்டும். அத்துடன் பொருளில்லாதவர்க்குப் பொருள் அளிக்க வேண்டும். பின்வந்த ஓர் அரசன் முன்னதை மட்டும் செய்து பின்னதை விட்டான். அதனால் வறுமை பெருகிற்று. வறுமையால் களவு பிறந்தது. களவை அடக்க வாள் எழுந்தது. வாளால் கொலை பெருகிற்று என்று அச்சுத்தம் படிப்படியாகக் காட்டுகின்றது. வேலி மட்டும் போட்டு நீர் பாய்ச்சாத காவல் இதுதான்.

நம் நாட்டில் அரசர் காவலுக்கு நல்ல சான்றும் உண்டு. விழிஞ்ஞத்தைத் தலைநகராகக் கொண்ட ஆய் மன்னருள் விக்கிரமாதித்த வரகுணர் ஒருவர். 9-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்டவர். ஸ்ரீமூலவாசம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு அவர் நிலம் அளித்த செய்தியைப் பாலியம் செப்பேடு கூறுகின்றது. புத்தரைப் போற்றித் தொடங்கும் இச்செப்பேட்டைத் திருவிதாங்கூர்த் தொல்பொருள் வரிசையிலே து. அ. கோபிநாத ராவ் வெளியிட்டார். இன்றைய ஆலப்புழைப் பகுதிக் கடற்கரையில் அப்பள்ளி இருந்ததென ஆராய்ச்சியாளர் கருதுவர். அங்கே போற்றப்பட்டவர் லோகநாதர். நாதர் என்பதும் காப்பவர், புகலிடம் என்னும் பொருளுடைய சொல்லே.

ஆனால் பெயர் ஒன்று, நடைமுறை ஒன்று என்னும் நிலையையும் இம்மண் கண்டது. 1758 முதல் 1798 வரை திருவிதாங்கூரை ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா தர்மராஜா என்று புகழப்பெற்றார். வடக்கே போருக்கு அஞ்சி ஓடிவந்தவர்க்குப் புகலிடம் தந்தமை அப்புகழுக்குக் காரணம். அது நற்செயலே, மறுப்பதற்கில்லை. ஆயினும் அதே நாட்டிலே வயலில் உழைத்தவர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டனர். அடிமை முறை 1855-ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிந்தது. கோயில் வாயிலில் துவாரபாலகர் கல்லாய் நிற்க, அவ்வாயில் நம் மக்களுக்கு 1936 நவம்பர் 12-ஆம் நாள் கோயில் நுழைவுப் பிரகடனம் வரும்வரை அடைபட்டே இருந்தது. யாரைக் காக்கின்றான், யாரிடமிருந்து காக்கின்றான் என்ற இரண்டு கேள்விகளையும் காவலனை நோக்கிக் கேட்க வேண்டும் என்பதை இவ்வரலாறு கற்பிக்கின்றது.

'பரிபாலனம்' என்ற சொல்லின் நிலையும் இதனால் விளங்கும். முழுதும் சூழ்ந்து காத்தல் என்பது அதன் பொருள். நாளடைவில் அது தேவஸ்தான பரிபாலனம், நீதி பரிபாலனம் என்று ஆட்சி நடத்துவதையே குறிக்கலாயிற்று. காப்பதற்காக ஆளவேண்டும் என்ற முறை போய், ஆளுவதே காத்தல் என்று ஆகிவிட்டது.

5. சொல்லை மீட்டவர்கள்

அச்சொல்லை மீட்டு அதற்கு உயிர் கொடுத்தவர், காவல் மறுக்கப்பட்ட மக்களே. 1903-ஆம் ஆண்டில் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் தோன்றிற்று. நாராயண குரு தலைவர். கவிஞர் குமாரன் ஆசான் செயலாளர். திருவனந்தபுரத்துப் பேட்டையில் பிறந்த மருத்துவர் பல்பு அதற்கு உழைத்தவர். ஆசான் நம் அன்புக்கு மேலும் உரியவர். புத்தர் வரலாற்றை மலையாளத்தில் பாடியவர்; 1922-இல் சண்டாள பிக்ஷுகி என்னும் காவியத்தை வெளியிட்டு, தாழ்த்தப்பட்ட பெண் ஒருத்தி பிக்குணி ஆன வரலாற்றை வீடுதோறும் அறியச் செய்தவர்.

1907-இல் சாது ஜன பரிபாலன சங்கம் தோன்றிற்று. அதனை நிறுவியவர் அய்யங்காளி. திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் 1863-இல் புலையர் குடியில் பிறந்தவர். பள்ளி செல்ல வழியற்றிருந்தவர். 1893-இல், நம்மவர் நடக்கவும் தடை இருந்த பொதுப்பாதையிலே வில்லுவண்டி பூட்டி ஓட்டிச் சென்றவர். 'சாது ஜனம்' என்றால் ஏழை எளியோர். அவர்களைப் பரிபாலிப்பது அரசனின் வேலை என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய சங்கமே அவர்களைப் பரிபாலிக்கும் என்று பெயரிலேயே அறிவித்தார்.

பெயரோடு நின்றாரா? இல்லை. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் வயலில் இறங்குவதில்லை என்று உழைப்பாளரை நிறுத்தினார். வேலையின்றி அடுப்பு அணையும் நிலை வந்தபோது, விழிஞ்ஞம் பகுதி மீனவர் தம் படகுகளில் வேலை தந்து துணைநின்றதாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். இங்கே காத்தலின் இரு முகங்களையும் காணலாம். ஒருபுறம் தடுத்தல், மறுபுறம் சோறிடல். ஊரூட்டம்பலத்துப் பள்ளியிலே பஞ்சமி என்னும் சிறுமியைச் சேர்க்க அவர் அழைத்துச் சென்றபோது கலவரம் மூண்டு பள்ளிக்கூடம் கொளுத்தப்பட்டது. பாலர் பள்ளி செல்லவும் பாலர் துணை வேண்டியிருந்த காலம் அது. அவர் 1912-இல் ஸ்ரீ மூலம் பிரஜா சபையில் அமர்ந்து நிலமும் கல்வியும் கேட்டார். 1937-இல் காந்தியார் வெங்ஙானூருக்கு வந்தபோது, தம் மக்களில் பத்துப் பேர் பி.ஏ. தேறக் காண வேண்டும் என்பதே தம் ஆசை என்றார். 1941-இல் மறைந்தார். வெள்ளையம்பலத்தில் அவர் சிலையை நாம் நாள்தோறும் கடந்து செல்கின்றோம்.

அவர் பௌத்தர் அல்லர். அவரைப் பௌத்தர் என்று நாம் உரிமை கொண்டாடுதல் பொய்யாகும். ஆயினும் பாலர் என்னும் சொல்லின் முழுப்பொருளையும் இந்நகரில் வாழ்ந்து காட்டியவர் அவர் என்று சொல்வதில் தடையில்லை.

6. தன்னைக் காத்தலும் பிறரைக் காத்தலும்

சங்யுத்த நிகாயத்திலே பகவான் ஒரு கழைக்கூத்தாடியின் கதையைச் சொல்கின்றார். அவன் தன் மாணாக்கனைத் தோள்மீது ஏற்றிக்கொண்டு, "நீ என்னைப் பார்த்துக்கொள், நான் உன்னைப் பார்த்துக்கொள்வேன்; இருவரும் பிழைப்போம்" என்னும் கருத்தில் பேசினான். மாணாக்கனோ, "அவரவர் தம்மைக் காத்துக்கொள்வோம், அப்போதுதான் இருவரும் பத்திரமாக இறங்குவோம்" என்றான். மாணாக்கன் கூறியதே முறை என்ற பகவான், அதோடு நிறுத்தாமல் இரண்டையும் இணைக்கின்றார். பயிற்சியால் தன்னைக் காப்பவன் பிறரைக் காக்கின்றான்; பொறுமை, கொல்லாமை, மைத்திரி, இரக்கம் இவற்றால் பிறரைக் காப்பவன் தன்னைக் காக்கின்றான்.

நூல் ஆலையில் வேலை செய்த எமக்கு இது கேட்டவுடன் விளங்கிற்று. ஓடும் பெல்ட்டின் அருகே இருவர் நிற்கின்றனர். ஒருவன் உறக்கக் கலக்கத்தோடோ குடித்துவிட்டோ வந்தால், அடுத்தவன் எவ்வளவு விழிப்பாக இருந்தும் பயனில்லை. தன் கையையும் தன் கவனத்தையும் காத்து நிற்பவனே பக்கத்தில் நிற்பவனின் விரலையும் காக்கின்றான். அதேபோல் இரவு ஷிப்டில் காய்ச்சலோடு வந்த தோழனின் மிஷினையும் சேர்த்துப் பார்ப்பவன், நாளை தான் விழும்போது தாங்கும் கையை இன்றே உண்டாக்குகின்றான். ஐந்தாம் சீலமாகிய மதுவிலக்கைத் தனிமனிதனின் ஒழுக்கம் என்று மட்டும் எண்ணாதீர்கள். அது பக்கத்தில் நிற்பவனுக்கு இடும் வேலி.

சிகாலோவாத சுத்தத்திலே நல்ல நண்பனின் இலக்கணம் கூறப்படுகின்றது. நீ அயர்ந்திருக்கும்போது உன்னையும் உன் பொருளையும் காப்பான். நீ அஞ்சும்போது புகலிடமாவான். அதே சுத்தத்தில் முதலாளியின் கடன் ஐந்தும் உள்ளன. வலிமைக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் கவனிப்பு, நல்ல பண்டத்தில் பங்கு, உரிய காலத்தில் ஓய்வு. இவற்றைத் தருபவனே தொழிலாளியைப் பாலிப்பவன். வாயிலில் காவற்காரனை நிறுத்துபவன் மட்டும் அல்லன்.

7. பாலராக்கும் பத்துக் குணங்கள்

நாதர், அதாவது காப்புடையவர், ஆவதற்கு உதவும் பத்துத் தம்மங்களை அங்குத்தர நிகாயத்தின் பத்தாம் பகுதி தொகுத்துரைக்கின்றது. அவை: சீலம், மிகுந்த கேள்வி, நல்லோர் நட்பு, திருத்தினால் ஏற்கும் இயல்பு, தோழர்தம் வேலைகளில் கைகொடுக்கும் திறமை, தம்மத்தில் விருப்பம், விடாமுயற்சி, கிடைத்ததில் நிறைவு, நினைவுடைமை, ஞானம். இவற்றில் ஆயுதம் இல்லை; பணம் இல்லை; குலம் இல்லை. எல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியவை. ஐந்தாவதைக் கவனியுங்கள். பிறர் வேலையில் கைகொடுப்பதும் காவலே. மண்டபம் கூட்டுதல், நோயாளியை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுதல், படிக்கும் பிள்ளைக்கு விண்ணப்பம் எழுதித் தருதல் ஆகியன இதில் அடங்கும்.

தருமபாலர் என்ற பெயரைத் தாங்கியோரும் இக்குணங்களாலேயே அப்பெயருக்கு உரியராயினர். காஞ்சியில் பிறந்து நாலந்தாவின் தலைவராக விளங்கிய தருமபாலர் கல்வியால் காத்தார். பாலி உரைகள் எழுதிய தம்மபாலரும் தமிழகத்தோடு தொடர்புடையவரே. 1864-இல் கொழும்பில் பிறந்து 1891-இல் மகாபோதி சங்கத்தை நிறுவிய அநாகரிக தருமபாலர் முயற்சியால் காத்தார். நம் பிள்ளைகளுக்கு இப்பெயரை இடும்போது பொருளைச் சொல்லி இடுங்கள். இல்லையேல் தருமபாலன் என்பதைத் தருமத்தின் சிறுபிள்ளை என்றே அவன் எண்ணிக்கொள்வான்.

8. வீட்டிலே வழங்கும் முறை

இனி முதற் கேள்விக்கு வருவோம். எல்லைத் தெய்வத்தைப் பழிக்க வேண்டுமா? வேண்டா. அத்தெய்வங்களிற் பல, ஊரைக் காக்கச் சென்று உயிர்விட்ட மனிதரின் நினைவென்று மக்களே கூறுகின்றனர். அந்நினைவுக்கு மரியாதை செய்யலாம். உயிர்ப்பலியும் சாராயமும் சீலத்திற்கு மாறு என்பதால் விலக்க வேண்டும். அச்சத்தால் கும்பிடுவதை விட்டு, மைத்திரியால் புண்ணியம் பகிர்தல் நம் முறை.

பரித்தம் ஓதி நூல் கட்டலாமா? பரித்தம் என்றாலே காப்பு என்பது பொருள். ஓதுக, கட்டுக. ஆனால் கேட்ட சுத்தத்தின்படி நடப்பதே காப்பு. நூல் அதன் நினைவுக்குறி. நூலைக் கட்டிக்கொண்டு காய்ச்சலுக்கு மருந்துண்ணாமல் இருப்பவன் முன் சொன்ன பால வர்க்கத்தைச் சேர்ந்தவன்.

சட்டத்தின் காவலை நாடலாமா? நாட வேண்டும். அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. பௌத்தம் தழுவிய தாழ்த்தப்பட்டோர்க்கும் பட்டியல் சாதியினர் என்னும் உரிமை உண்டென்று 1990-இல் திருத்தம் ஆயிற்று. இவை நமக்காக அண்ணல் அம்பேத்கரும் அவர் வழி வந்தோரும் எழுப்பிய வேலிகள். வேலி தானாகப் பேசாது. தாக்கப்பட்டவரோடு போலீஸ் நிலையம்வரை நடந்து சென்று, மனு எழுதி, ரசீது வாங்கும்வரை உடன் நிற்கும் ஒருவர் வேண்டும். அவரே அன்றைய பாலர்.

ஆகவே, "நம்மைக் காப்பவர் யார்?" என்று கேட்கும் தாய்க்கு நாம் கூறும் விடை இது: உள்ளே நாணமும் அச்சமுமாகிய இரு உலகபாலர், பக்கத்திலே சங்கத்தார், வெளியே சட்டம், இவை மூன்றையும் விழிப்போடு வைத்திருக்கும் பொறுப்பு நம்முடையது. காக்கப்பட வேண்டியவராய் மட்டும் நெடுங்காலம் எண்ணப்பட்டோம். இனிக் காப்பவராகவும் எண்ணிப் பழகுவோம்.

வரும் பௌர்ணமிக் கூட்டத்திற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் ஒன்று செய்க. பத்துக் குணங்களையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, நம்மில் எது குறைவு என்று வீட்டாரிடம் கேட்டறிக. நம் தெருவில் துணையின்றி இருக்கும் ஒருவரைத் தேர்ந்து, அவருக்கு இம்மாதம் யார் பாலர் என்று முடிவு செய்க. கூட்டத்திலே அதனைச் சொல்க.

எல்லா உயிர்களும் அச்சமின்றி வாழ்க. காப்பவர் பெருகுக.